விலை இல்லாத கணக்கு: சோசலிசமா முதலாளித்துவமா என்ற விவாதத்தின் ஒரு நூற்றாண்டு

ஒரு நாட்டில் இரும்பு இவ்வளவு, சிமென்ட் இவ்வளவு, வேலைக்கு ஆட்கள் இவ்வளவு என்று இருக்கிறது. அதைக்கொண்டு ரயில் பாதை போடுவதா, அணை கட்டுவதா, பள்ளிக்கூடங்கள் எழுப்புவதா? யார் முடிவு செய்வது என்று ஒரு கேள்வி. எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்வது என்று இன்னொரு கேள்வி. சோசலிசத்தையும் முதலாளித்துவத்தையும் ஒப்பிடும் நூல்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நின்று சுரண்டல், சுதந்திரம், சமத்துவம் என்று வாதாடுகின்றன. இரண்டாவது கேள்வி மேடையில் எடுபடாது. ஆனால் இரு தரப்பினரும் ஒருவர் சொல்வதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்டு, பதில் சொல்லி, சில சமயம் தம் நிலையையே மாற்றிக்கொண்ட அரிய இடம் அதுதான்.

1920இல் வியன்னாவில் தொடங்கிய அந்த விவாதம் நூறு வயதைக் கடந்துவிட்டது. இதற்குள் குறைந்தது இரண்டு முறை தீர்ப்பு எழுதப்பட்டு, இரண்டு முறையும் திருத்தப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரையில் சோசலிசம் என்பது உற்பத்திக் கருவிகள் பொது உடைமையாக உள்ள ஏற்பாட்டையும், முதலாளித்துவம் என்பது அவை தனியார் உடைமையாக இருந்து சந்தை வழியே இயங்கும் ஏற்பாட்டையும் குறிக்கும். ஸ்வீடன், டென்மார்க் போன்ற மக்கள் நல அரசுகளை சோசலிசத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் அங்கே தொழிற்சாலைகள் பெரும்பாலும் தனியார் கையில் இருப்பதால், இந்த விவாதத்தின் கணக்கில் அவை முதலாளித்துவ நாடுகளே.

வியன்னாவில் எழுந்த சவால்

முதல் உலகப் போரின்போது ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் நிலக்கரி, தானியம், உலோகம் என்று பலவற்றையும் அரசு உத்தரவின் மூலம் பங்கிட்டன. போருக்குச் சரிப்பட்ட முறை அமைதிக் காலத்துக்கு ஏன் சரிப்படாது என்று கேட்டவர்களில் முக்கியமானவர் ஒட்டோ நொய்ராத். பணக் கணக்கே தேவையில்லை, பொருள்களைப் பொருள்களாகவே எண்ணித் திட்டமிடலாம் என்பது அவர் வாதம். 1919இல் பவேரியாவில் மையப் பொருளாதார அலுவலகத்தின் தலைமை அவருக்குக் கிடைத்தது. அங்கே அமைந்த சோவியத் குடியரசு சில வாரங்களில் கவிழ்ந்தது. நொய்ராத் கைதாகி, தண்டனை பெற்று, ஆஸ்திரியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

மறு ஆண்டே வியன்னா வணிகச் சபையில் பணியாற்றிய லுட்விக் வான் மீசஸ் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: இயந்திரம், நிலம், மூலப்பொருள் ஆகியவற்றுக்கு ஒரே உடைமையாளர்தான் என்றால் அவை வாங்கி விற்கப்படுவதில்லை. வாங்கி விற்கப்படாதவற்றுக்கு விலை உருவாகாது. விலை இல்லாவிட்டால் ஒரே பாலத்தை எஃகால் கட்டுவதா, கான்கிரீட்டால் கட்டுவதா என்ற எளிய கேள்விக்குக்கூடப் பதில் கிடைக்காது. இரண்டு பாலமும் நிற்கும். எதைக் கட்டினால் வேறு எதையெல்லாம் இழக்கிறோம் என்பதுதான் தெரியாது. சோசலிச ஆட்சியாளர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், தொழிலாளர்கள் மனமுவந்தே உழைக்கட்டும், அப்போதும் இந்தச் சிக்கல் இருக்கும் என்றார் மீசஸ். அதுவரை சோசலிசத்துக்கு எதிராகச் சொல்லப்பட்டதெல்லாம் மனித சுபாவம் பற்றியது. சுபாவத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டதுதான் அவர் வாதத்தின் புதுமை.

சோசலிசத் தரப்பில் இதற்குத் தயாரான பதில் இல்லை. வருங்காலச் சமூகத்துக்கு விதிமுறைகள் எழுதிவைப்பதை மார்க்ஸும் எங்கெல்ஸும் வேண்டுமென்றே தவிர்த்தவர்கள். ஆனால் பதிலுக்கான கருவியை வேறொருவர் முன்பே செய்து வைத்திருந்தார். இத்தாலியப் பொருளியலாளர் என்ரிக்கோ பரோனே 1908இல் எழுதிய கட்டுரையில், பொது உடைமை நாட்டின் உற்பத்தி அமைச்சர் தீர்க்கவேண்டிய சமன்பாடுகள் சந்தை தீர்க்கும் சமன்பாடுகளை ஒத்தவைதான் என்று காட்டினார். பரோனே சோசலிஸ்ட் அல்லர். இத்தனை சமன்பாடுகளைக் காகிதத்தில் உட்கார்ந்து தீர்த்துவிட முடியாது என்றும் அவரே சொன்னார். ஆனாலும் தர்க்கரீதியாக முடியாதது என்ற கூற்றில் அது ஒரு ஓட்டை போட்டது. பின்னாளில் சோவியத் பொருளாதாரம் எழுபது ஆண்டுக்காலம் ஏதோ ஒரு விதத்தில் ஓடியதும் அந்த ஓட்டையைப் பெரிதாக்கியது. சுற்றிலும் முதலாளித்துவ உலகத்தின் விலைகள் இருப்பதால் அவற்றைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள் என்று மீசஸ் பதில் சொன்னார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு: கிழக்கு ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் நடத்திய வணிகத்துக்கே உலகச் சந்தை விலைகளின் சராசரியைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டன.

லாங்கேயின் மறுமொழி

1930களில் காற்று மாறி அடித்தது. 1933 வாக்கில் அமெரிக்காவில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அதே நேரத்தில் சோவியத் ஒன்றியம் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை முடித்து எஃகு ஆலைகளைப் படமெடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அதே 1932–33இல் உக்ரைனிலும் கஜக்ஸ்தானிலும் லட்சக்கணக்கானோர் பசியால் மடிந்தது அந்தப் படங்களில் இல்லை. சந்தை தானாகவே சரிசெய்துகொள்ளும் என்று அப்போது சொல்வதற்குத் துணிச்சல் வேண்டியிருந்தது.

இந்தச் சூழலில்தான் போலந்துக்காரரான ஆஸ்கர் லாங்கே 1936–37இல் தன் பதிலை வெளியிட்டார். அமெரிக்கரான ஃபிரெட் டெய்லர் சில ஆண்டுகளுக்கு முன் சொன்ன யோசனையை அவர் முழு அமைப்பாக விரித்தார். நுகர்பொருளுக்கும் உழைப்புக்கும் உண்மையான சந்தை இருக்கும். இயந்திரம், மூலப்பொருள் போன்றவற்றுக்கு மையத் திட்டக் குழு ஒரு விலையை அறிவிக்கும். ஆலை மேலாளர்களுக்கு இரண்டே கட்டளைகள்: செலவைக் குறைந்தபட்சமாக வை; கடைசியாகச் செய்யும் ஒரு பொருளின் செலவு அதன் விலைக்குச் சமமாகும்வரை உற்பத்தி செய். சரக்கு தேங்கினால் குழு விலையைக் குறைக்கும், தட்டுப்பாடு வந்தால் ஏற்றும். சந்தை செய்வதும் இதே தட்டுத்தடுமாறல்தானே என்றார் லாங்கே. இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டிய உதவிக்காக மீசஸுக்குத் திட்டக் குழுவின் கூடத்தில் சிலை வைக்க வேண்டும் என்றும் கேலி செய்தார்.

இந்தப் பதிலைப் பல பொருளியலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சோசலிசத்தின் தூய கோட்பாட்டில் பிழையில்லை என்று 1942இல் ஜோசப் ஷும்பீட்டர் எழுதினார். அவரும் சோசலிஸ்ட் அல்லர். லாங்கே வென்றார் என்பதுதான் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குப் பாடநூல் தீர்ப்பு.

ஆனால் லாங்கேயின் வெற்றி எதிராளியின் ஆயுதத்தைக் கொண்டு பெற்றது. சந்தைச் சமநிலைக் கோட்பாடு சரி என்று வைத்துக்கொண்டால் அவர் சோசலிசமும் சரியாக இருக்கும். அந்தக் கோட்பாட்டில் குறை இருந்தால் இரண்டுக்குமே குறைதான். இந்த விநோதத்தை 1994இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் விரிவாக எழுதினார். இடது பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வந்தது. பிரிட்டிஷ் மார்க்சியரான மாரிஸ் டாப், சந்தையை அப்படியே நகலெடுப்பதாயிருந்தால் திட்டமிடல் எதற்கு என்று கேட்டார். சோசலிசத்தின் உண்மையான நன்மை, பெரிய முதலீடுகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி முன்கூட்டியே முடிவு செய்ய முடிவது என்பது அவர் கருத்து. இந்தக் கேள்விக்குக் கிடைக்கவேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது. மின்நிலையம் கட்டுகிறவரும் மின்சாரம் வாங்கப்போகிற ஆலைக்காரரும் ஒருவர் முடிவுக்காக இன்னொருவர் காத்திருக்கும் நிலையை இன்றைய விலைகள் தீர்த்துவைப்பதில்லை.

வெள்ளீயத்துக்கு என்ன ஆயிற்று

விவாதத்தை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தியவர் மீசஸின் வட்டத்திலிருந்து வந்த ஃபிரெட்ரிக் ஹாயெக். 1945இல் வந்த அவருடைய சிறு கட்டுரை, கேள்வியையே திருத்தி வைத்தது. தரவு முழுவதும் கையில் இருந்தால் அது கணிதச் சிக்கல்தான், தீர்த்துவிடலாம். தரவு ஒருவர் கையிலும் முழுமையாக இல்லை என்பதே சிக்கல் என்றார் அவர்.

அவர் சொன்ன உதாரணம் வெள்ளீயம். உலகில் எங்கோ ஒரு வெள்ளீயச் சுரங்கம் மூடப்படுகிறது. அல்லது வெள்ளீயத்துக்குப் புதிய பயன் ஒன்று பிறக்கிறது. இரண்டில் எது நடந்தது என்பது டப்பா செய்கிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறியது மட்டும் தெரிந்தால் போதும். சிக்கனமாகப் பயன்படுத்துவார், மாற்றுப் பொருள் தேடுவார். ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானவர்களை ஒரே எண் ஒழுங்குபடுத்துகிறது. எந்தக் கப்பல் பாதி காலியாகத் திரும்புகிறது, எந்த இயந்திரம் இரவில் சும்மா கிடக்கிறது என்பன போன்ற விவரங்கள் புள்ளிவிவரமாகத் திரட்டப்படும் முன்பே காலாவதியாகிவிடும். அவற்றில் பல, கேட்டால் சொல்லக்கூட முடியாத கைப்பழக்க அறிவு. இதனால்தான் லாங்கேயின் திட்டக் குழு தோற்கும் என்பது ஹாயெக்கின் முடிவு. மேலாளர் குறைந்தபட்சச் செலவில் உற்பத்தி செய்ய வேண்டும் என்கிறீர்கள். அந்தக் குறைந்தபட்சம் எது என்பதே போட்டியின் வழியாகக் கண்டுபிடிக்க வேண்டியது என்றார்.

இந்த விவாதத்தில் முன்வைக்கப்பட்ட வாதங்களில் இதுவே வலுவானது என்று கருத இடமிருக்கிறது. 1985இல் பொருளியலாளர் டான் லவோய் பழைய கட்டுரைகளை மறுவாசிப்புச் செய்து, லாங்கே உண்மையில் ஹாயெக்குக்குப் பதிலே சொல்லவில்லை என்று வாதிட்ட பிறகு பாடநூல் தீர்ப்பு தலைகீழானது. பெர்லின் சுவர் விழுந்ததும், இடதுசாரிச் சாய்வுள்ள ராபர்ட் ஹைல்ப்ரோனரே மீசஸ் சொன்னது சரியாகிவிட்டது என்று எழுதினார். அவசரத்தில் எழுதப்பட்ட தீர்ப்பு அது. ஏனென்றால் சோவியத் ஒன்றியம் எதனால் விழுந்தது என்பது தனிக் கேள்வி.

மாஸ்கோவின் பேரேடுகள்

சோவியத் திட்டமிடல் லாங்கே சொன்ன முறையில் நடக்கவில்லை, நொய்ராத் சொன்ன முறையிலும் நடக்கவில்லை. 1918 முதல் 1921 வரையிலான போர்க்காலப் பொதுவுடைமையில் பணத்தை ஒழிக்கப் பார்த்து, கைசுட்டுக்கொண்டு, சந்தைக்கு இடம் கொடுத்த புதிய பொருளாதாரக் கொள்கைக்கு மாறினார்கள். 1921இல் நிறுவப்பட்ட திட்டக் குழுவான கோஸ்பிளான் பின்னர் கைக்கொண்டது பொருள் சமன்பட்டியல் முறை. எஃகுக்கு ஒரு பட்டியல், நிலக்கரிக்கு ஒரு பட்டியல். இந்தப் பக்கம் எங்கிருந்து எவ்வளவு வரும், அந்தப் பக்கம் யாருக்கு எவ்வளவு போகும். இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் யாரோ ஒருவரின் இலக்கை ஏற்றுவார்கள், யாரோ ஒருவரின் ஒதுக்கீட்டை வெட்டுவார்கள். எஃகு இலக்கை ஏற்றினால் நிலக்கரி கூடுதலாக வேண்டும். நிலக்கரிக்கு ரயில் பெட்டி வேண்டும். பெட்டிக்கு மறுபடியும் எஃகு வேண்டும். இந்தச் சுழல் முடிவதற்குள் ஆண்டு பிறந்துவிடும். பெரும்பாலும் சென்ற ஆண்டின் கணக்கில் சில விழுக்காடு கூட்டிப்போட்டு அனுப்பினார்கள்.

இலக்கு எந்த அளவையில் வைக்கப்படுகிறதோ அந்த அளவைக்கு ஏற்பப் பொருள் உருமாறியது. கண்ணாடித் தகடு உற்பத்தியை டன்னில் கேட்டால் தகடு கனத்தது. சதுர மீட்டரில் கேட்டால் மெலிந்து உடைந்தது. ஆணி ஆலை மாத இலக்கை ஒரே ராட்சத ஆணியாகச் செய்து முடித்ததாக ‘க்ரோக்கடீல்’ என்ற சோவியத் நகைச்சுவை இதழ் கேலிச்சித்திரம் போட்டது. ஒதுக்கீடு ஆகியும் வந்து சேராத சரக்கை ஆள் பிடித்து வாங்கிவர ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு தரகர் இருந்தார். ‘தொல்கச்’ என்று பெயர். சட்டப்படி அப்படியொரு பதவி கிடையாது. அவர் இல்லாமல் ஆலையும் கிடையாது.

இதே அமைப்புக்குள்ளிருந்துதான் மீசஸுக்கு மிகக் கூர்மையான பதிலும் வந்தது. வந்த இடம் பொருளியல் துறையன்று. 1930களின் இறுதியில் லெனின்கிராடின் ஒட்டுப்பலகை நிறுவனம் ஒன்று, எந்த மரத்தை எந்த இயந்திரத்துக்குக் கொடுத்தால் உற்பத்தி அதிகமாகும் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டது. கேள்வி லியோனிட் கண்டரோவிச் என்ற இளம் கணிதவியலாளரிடம் போயிற்று. அவர் 1939இல் கண்டுபிடித்த நேரியல் திட்டமிடல் முறையில் விடையோடு கூடவே ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு மதிப்பும் வந்து விழுந்தது. வாங்குபவர் இல்லை, விற்பவர் இல்லை. ஆனாலும் எதை விட்டு எதைப் பெறுகிறோம் என்பதைச் சொல்லும் எண் இருக்கிறது. மீசஸ் இருக்கவே முடியாது என்று சொன்ன எண் அது. விலை போலத் தோன்றுவதால் சோவியத் சித்தாந்தக் காவலர்களுக்கு அது பிடிக்கவில்லை; முழு நூல் வெளிவர 1959 ஆயிற்று. 1975இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹாயெக்குக்குக் கிடைத்தது அதற்கு முந்தைய ஆண்டு. கண்டரோவிச்சின் மதிப்புகளும் கொடுக்கப்பட்ட தரவு உண்மையாக இருந்தால்தான் பயன்படும். மேலாளர் தன் ஆலையின் திறனைக் குறைத்துச் சொன்னால் அடுத்த ஆண்டு இலக்கு சுலபமாக இருக்கும் என்ற நிலையில், அவர் உண்மையைச் சொல்வதற்குக் காரணமே இல்லை.

கணக்கு, அறிவு என்ற இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது சிக்கல் ஒன்று இருப்பதைத் தெளிவாகக் காட்டியவர் ஹங்கேரியின் யானோஷ் கோர்னாய். 1980இல் வெளிவந்த பற்றாக்குறை பற்றிய நூலில் அவர் கேட்டது: நட்டப்படும் நிறுவனத்துக்கு என்ன ஆகும்? சோசலிச நாட்டில் ஒன்றும் ஆகாது, அரசு கைகொடுக்கும். வரவுசெலவு வரம்பு இறுக்கமானதல்ல என்று தெரிந்த மேலாளர், எது கிடைத்தாலும் எவ்வளவு கிடைத்தாலும் கேட்டு வாங்கிப் பதுக்குகிறார். எல்லோரும் அப்படிச் செய்யும்போது எல்லாமே தட்டுப்பாடாகிறது, மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். எவ்வளவு துல்லியமான கணிதமும் இதைத் தீர்க்காது. ஆனால் கோர்னாயின் கருவி ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதில்லை. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி மூழ்கட்டும் என்று விட்ட அமெரிக்க அரசு, மறுநாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. விழ முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்ட நிறுவனம் தனியார் கையில் இருந்தாலும் அதன் வரம்பு தளர்ந்ததுதான்.

விலை கேட்காத தேவை

ஹாயெக்கின் கட்டுரையில் ஒரு மௌனம் உண்டு. விலை தேவையைச் சொல்கிறது என்றால், யாருடைய தேவையை? 1943 வங்கப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் இறந்தனர். போர்ச் செலவால் கல்கத்தாவில் பணம் புழங்கியது, அரிசி விலை பல மடங்கு ஏறியது, அரிசியும் விலை கூப்பிட்ட இடத்துக்குப் போயிற்று. கூலி உயராத நிலமற்ற தொழிலாளர்களும் மீனவர்களும் செத்தார்கள். 1943இல் வங்கத்தில் இருந்த உணவு 1941இல் இருந்ததைவிடக் குறைவில்லை என்பது அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்வின் வாதம். உணவுக் கையிருப்பு பற்றிய அவர் கணக்கை மறுப்பவர்கள் உண்டு. ஆனால் வாங்கும் சக்தி இழந்தவரின் பசி சந்தையின் காதில் விழுவதில்லை என்ற கருத்தை மறுப்பது கடினம். ராணுவத் தேவையும் மாகாணங்களுக்கிடையிலான தடைகளும் அரசின் செயல்கள் என்பதால், இதைச் சந்தையின் கணக்கில் மட்டும் எழுதுவதும் நியாயமாகாது.

எதிர்ப்பக்கத்தின் பஞ்சம் இன்னும் பெரிது. சீனாவில் 1959–61இல் இறந்தவர்கள் ஒன்றரைக் கோடியிலிருந்து நான்கரைக் கோடி வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. அங்கே பொய்த்தது விலையல்ல, அறிக்கை. உள்ளூர் அதிகாரிகள் விளைச்சலை ஊதிப் பெருக்கிச் சொன்னார்கள். அந்தப் பொய்க் கணக்கின் அடிப்படையில் அரசு தானியத்தை அள்ளிச் சென்றது. ஹாயெக் பயந்தது இதைத்தான் என்று சொல்லலாம். சென் வேறொன்றைச் சொன்னார்: பத்திரிகையும் எதிர்க்கட்சியும் இருந்திருந்தால் அது இவ்வளவு தூரம் போயிருக்காது. அதே சென், ழான் திரேஸுடன் சேர்ந்து எழுதியபோது, பஞ்சமில்லாத ஆண்டுகளில் இந்தியாவில் ஓசையில்லாமல் நிகழ்ந்த கூடுதல் மரணங்களைச் சீனாவோடு ஒப்பிட்டால் இந்தியா பெருமைப்பட ஒன்றுமில்லை என்றும் காட்டினார். நலவாழ்விலும் எழுத்தறிவிலும் மாவோ காலச் சீனா முன்னால் இருந்தது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

விலையில் சேராத இன்னொன்று அடுத்தவர் தலையில் விழும் செலவு. ஆலைப் புகைக்கு ஆலைக்காரர் காசு கொடுப்பதில்லை. மீசஸின் கட்டுரை வந்த அதே 1920இல்தான் கேம்பிரிட்ஜின் ஆர்தர் பிகூ இதை விளக்கும் நூலை வெளியிட்டார். இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்திருந்தால் விவாதம் வேறு திசையில் போயிருக்கலாம். ஆனால் திட்டமிட்ட பொருளாதாரம் இயற்கையைக் காத்தது என்று யாரும் வாதாட முடியாது. பருத்தி இலக்குக்காக ஆறுகளைத் திருப்பியதில் 1960களிலிருந்து ஆரல் கடல் வற்றிய கதை தெரிந்ததுதான்.

கல்கத்தா வழியாக வந்தது

இந்தியாவுக்கு இந்த விவாதம் நேரடியாகவே வந்தது. 1950களின் நடுவில் புள்ளியியலாளர் மகலனோபிஸின் அழைப்பில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்த அயல்நாட்டு அறிஞர்களில் லாங்கேயும் ஒருவர். கனரகத் தொழிலுக்கு முன்னுரிமை தந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956இல் தொடங்கியது. பொருளியலாளர் குழுவில் இருந்த பி.ஆர். ஷெனாய் மட்டும் 1955இல் மாறுபட்ட குறிப்பு எழுதினார். பணவீக்கம் வரும், கட்டுப்பாடுகள் பெருகும் என்பது அதன் சாரம். பொருளியலாளர்களான வகீலும் பிரம்மானந்தாவும் வேறு கோணத்தில் எதிர்த்தார்கள்: தொழிலாளர் உண்ணும் தானியமும் உடுத்தும் துணியும் போதாமல் எஃகாலை எப்படி ஓடும் என்று கேட்டார்கள். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, பெர்மிட்–லைசென்ஸ் ராஜ்ஜியம் என்று வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இந்தியாவில் நடந்தது சோசலிசமா என்பதே ஐயம். உடைமை பெரும்பாலும் தனியாரிடம் இருந்தது; அனுமதிதான் அரசிடம் இருந்தது. ஏகபோகத்தைத் தடுக்க வந்த லைசென்ஸ்களைப் பெரிய தொழில் குடும்பங்களே, குறிப்பாக பிர்லா குழுமம், அள்ளிக்கொண்டதை 1960களில் ஆர்.கே. ஹசாரியின் ஆய்வு காட்டியது. ஸ்கூட்டருக்கும் தொலைபேசிக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்குக் கோர்னாயை விளக்கத் தேவையில்லை. மறுபக்கம், 1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்கு உட்பட்டவர்களுக்கு என்று சுருக்கியபோது, தமிழ்நாடு எல்லாருக்கும் ரேஷன் என்ற ஏற்பாட்டைக் கைவிடவில்லை. அரிசியை விளைவிப்பவர் தனியார், கொள்முதலும் விநியோகமும் அரசு. விலையின் காதில் விழாத பசிக்கு வேறொரு காது வைத்த ஏற்பாடு எனலாம். இதனால் அரசுக்கு ஆகும் செலவும் இடையில் நடக்கும் கசிவும் தனியே பேச வேண்டியவை.

நடுவில் நின்றவர்கள்

யூகோஸ்லாவியா 1950இல் ஆலைகளைத் தொழிலாளர் நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் தொழிலாளர்கள் புதிய ஆளைச் சேர்க்கத் தயங்குவார்கள் என்று 1958இல் பொருளியலாளர் பெஞ்சமின் வார்டு கணித்தார். நாட்டில் வேலையில்லாமை பெருகியதும், பலர் மேற்கு ஜெர்மனிக்கு வேலைக்குப் போனதும் அவர் கணிப்புக்குச் சாதகமாகவே இருக்கின்றன. வேறு காரணங்களும் உண்டு. ஸ்பெயினின் மொன்ட்ராகோன், 1925இல் கேரளத்தின் வடகரைக்கு அருகே தொடங்கிய ஊராளுங்கல் ஆகிய கூட்டுறவுகள் நிலைத்திருப்பது, தனி நிறுவன அளவில் தொழிலாளர் உடைமை சாத்தியம் என்பதற்குச் சான்று. இத்தகையவை ஏன் அதிகம் முளைப்பதில்லை என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இல்லை.

ஹங்கேரி 1968இல் கட்டாய இலக்குகளைக் கைவிட்டது; ஆனால் நட்டப்பட்ட ஆலையை மூடவில்லை. இடம் மாறியது பேரம் மட்டுமே: இலக்குக்காகப் பேசியவர்கள் மானியத்துக்காகப் பேசினார்கள். கோர்னாய் பாடம் கற்ற பள்ளி அதுதான்.

சீனாவின் வழி வேறு. 1980களில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்தார்கள். ஒதுக்கீட்டு அளவு திட்ட விலையில், அதற்கு மேல் விளைந்தது சந்தை விலையில். பழைய ஏற்பாட்டைப் பிடுங்காமல் அதன் பக்கத்திலேயே சந்தை வளர்ந்தது. இரண்டு விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அதிகாரிகள் பையில் போட்டுக்கொண்டது 1989இல் வெடித்த கோபத்துக்கு ஒரு காரணம். இன்று அங்கே பெரும்பாலான விலைகள் சந்தையில் உருவாகின்றன. நகர்ப்புற நிலமும் பெரிய வங்கிகளும் அரசிடம் இருக்கின்றன. இதை முதலாளித்துவத்தின் வெற்றி என்பவரும் சோசலிசத்தின் வெற்றி என்பவரும் ஒரே புள்ளிவிவரத்தைத்தான் காட்டுகிறார்கள்.

கணினி வந்தபின்

1965இல் இறப்பதற்குச் சற்று முன் லாங்கே எழுதிய ஒரு கட்டுரையில், இனிமேல் அந்தச் சமன்பாடுகளைக் கணினியில் போட்டு ஒரு நொடியில் விடை எடுக்கலாம் என்றார். சோவியத்தில் கணினி அறிஞர் விக்டர் குளுஷ்கோவ் நாடு முழுவதையும் இணைக்கும் கணினி வலையமைப்புக்குத் திட்டம் தந்தார்; அமைச்சகங்களின் போட்டியில் அது முடங்கியது. சிலியில் அயெந்தே அரசு 1971இல் பிரிட்டிஷ் நிர்வாக அறிஞர் ஸ்டாஃபோர்ட் பியரை அழைத்து, டெலக்ஸ் கருவிகளும் ஒரு கணினியும் கொண்டு சைபர்சின் அமைப்பை உருவாக்கியது. 1972 அக்டோபர் லாரி வேலைநிறுத்தத்தின்போது, ஓடும் லாரிகளைத் தேவையான இடத்துக்குத் திருப்ப அந்த டெலக்ஸ் வலை உதவியது. அடுத்த ஆண்டு ராணுவக் கவிழ்ப்போடு எல்லாம் முடிந்ததால், அதை வெற்றி என்றோ தோல்வி என்றோ சொல்ல ஆதாரம் போதாது.

1990களில் காக்ஷாட்டும் காட்ரலும், நவீனக் கணினிக்கு ஒரு முழுப் பொருளாதாரத்தின் கணக்கும் பெரிதல்ல என்று வாதிட்டார்கள். அண்மையில் வால்மார்ட்டையும் அமேசானையும் காட்டுகிறார்கள்: உள்ளே சந்தையே இல்லாமல் பெரும் அளவில் திட்டமிடும் நிறுவனங்கள் இவை, அப்படியானால் திட்டமிடல் முடியும்தானே? நிறுவனம் என்பதே சந்தைக் கடலில் ஒரு திட்டமிட்ட தீவு என்பது ரொனால்ட் கோஸ் 1937இலேயே எழுதியதன் சாரம். ஆனால் அந்தத் தீவு வெளியிலிருந்து வாங்கும் ஒவ்வொன்றுக்கும் சந்தை விலை இருக்கிறது. தவறாகத் திட்டமிட்டால் மூழ்கும் அபாயமும் இருக்கிறது. எனவே கணினி, கணக்கு என்ற முதல் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது, சிதறிய அறிவு என்ற இரண்டாவதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது, தளர்ந்த வரம்பு என்ற மூன்றாவதைத் தொடவில்லை என்று மதிப்பிடலாம். ஒவ்வொரு விற்பனையும் நொடியில் பதிவாகும் உலகில் எவ்வளவு அறிவு இன்னும் சிதறிக் கிடக்கிறது என்பதை ஹாயெக் காலத்து உறுதியோடு இன்று சொல்ல முடியாது. மக்கள் உண்மையில் எதை விரும்புகிறார்கள் என்பது, அவர்கள் செலவழிக்கும் முன்பே ஏதேனும் ஒரு தரவுக் கிடங்கில் இருக்கிறதா என்பதும் தெளிவில்லை.

தீராதவை

மீசஸின் கண்டிப்பான கூற்று நிற்கவில்லை. லாங்கேயின் பதில் அதைவிட மோசமாக நொறுங்கியது. ஹாயெக்கும் கோர்னாயும் எழுப்பிய கேள்விகளுக்கு சோசலிசத் தரப்பு முழுப் பதில் தரவில்லை. சென்னும் பிகூவும் எழுப்பியவற்றுக்குச் சந்தைத் தரப்பும் தன் கோட்பாட்டுக்குள்ளிருந்து பதில் தரவில்லை; ஒவ்வொரு முறையும் அரசை அழைத்தே சமாளித்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் சோதனைகள் எதுவும் தூய சோதனையும் அல்ல. சோவியத் தோல்வியில் திட்டமிடலின் பங்கு எவ்வளவு, ஒற்றைக் கட்சி ஆட்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இன்றுவரை நம்பகமான வழி இல்லை. ஜனநாயகத்தோடு கூடிய முழுமையான திட்டமிடல் எங்குமே நீண்டகாலம் நடந்து பார்க்கப்படவில்லை.

இப்போது விவாதம் மிகத் தீவிரமாக நடக்கும் இடம் பருவநிலை. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கிய கார்பன் சந்தையில், மொத்தம் எவ்வளவு புகை விடலாம் என்ற வரம்பை அரசுகள் வைக்கின்றன. அந்த வரம்புக்குள் உரிமங்களை நிறுவனங்கள் வாங்கி விற்கின்றன. உரிமங்களை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்ததால் 2007இல் விலை ஏறக்குறைய சுழியத்தைத் தொட்டது. 2019 முதல், உரிமங்கள் தேங்கினால் ஒரு பகுதியை விதிப்படி திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளும் இருப்பு ஒன்று இயங்குகிறது. தேக்கத்தைப் பார்த்துத் திருத்தும் லாங்கேயின் குழுவுக்கு இதைவிட நெருங்கிய உறவினர் முதலாளித்துவ உலகில் இல்லை. வரம்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்தச் சந்தையின் விலை சொல்வதில்லை. விஞ்ஞானிகள் ஓரளவு சொல்கிறார்கள். மீதியை உறுப்பு நாடுகள் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து பேரம் பேசி முடிக்கின்றன.